ஆறு பல்லும் ஒரு பக்கம்

சுபாஸ்கரன் விழுந்தது தை மாதத்தில். ஒரு வீட்டுக்காரர் தன் மோட்டச்சைக்கிளில் லைற் எரியவில்லை என்று கூப்பிட்டிருந்தார். அவனுக்கு அதுதான் தொழில். போய் வயரைப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளிக்கிட்ட நேரம், மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கியை நகர்த்திக்கொண்டிருந்த அந்த மனிதர், “தம்பி, ஒருக்கால் வந்து ஒரு கை பிடியும்” என்றார். ஒரு கை பிடிக்கத்தான் ஏறினான். காற்று வெறும் தாங்கியைத் தூக்கியது. தாங்கி அவனைத் தள்ளியது.

கழுத்து முறிந்து ஏழு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். ஆவணியில் பண்டத்தரிப்பு வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தோளுக்குக் கீழே ஒன்றும் அசையாது. தொண்டையில் ஒரு துளை, துளையில் ஒரு குழாய். மூச்சு அவனுடையதுதான். இருமுவதற்கு மட்டும் நெஞ்சில் பலம் இல்லை. சளி குழாய்க்குள் வந்து கரகரக்கத் தொடங்கினால் மெல்லிய றப்பர் வயரை உள்ளே விட்டு மிசினைப் போட்டு இழுக்கவேண்டும். பகலில் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால், சில நாளில் அதிலும் கூட.

அதை அவன் மனைவி உதயகலா நேர்சுமாரிடம் பார்த்துப் பழகியிருந்தாள். முதல் கிழமை கை நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. பிறகு எதற்குமே நடுங்கவில்லை. ஆட்கள் வந்து கையைப் பிடித்து அழுதுவிட்டுப் போவார்கள். அவள் அவர்களுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. கதிரைகளை அடுக்கி வைக்கிறதும் அவள்தான்.

குழாய் திறந்திருந்தால் அவனுக்குக் குரல் வராது. அவள் ஒரு விரலால் குழாயின் வாயை மூடினால் காற்று மேலே போய் நாலைந்து சொல் வரும். பிறகு விரலை எடுத்து மூச்சு விட விடவேண்டும். அப்படித்தான் அவர்கள் கதைத்தார்கள். கதைக்க விருப்பமென்றால் அவன் கண்ணை இரண்டு தரம் மூடித் திறப்பான். ஐப்பசிக்குப் பிறகு அதையும் குறைத்துக்கொண்டான்.

ஐப்பசி முதல் மழைக்கே ஒரு வேப்பமரம் கரண்ட் கம்பியில் விழுந்து இரண்டு நாள் ஊர் இருண்டது. மிசினுக்குள் இருந்த பற்றறி நாற்பது நிமிஷத்தில் செத்தது. சுபாஸ்கரனை ஓட்டோவில் மடியில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஒன்பது நாளால் வீட்டுக்கு வரும்போது முதுகில் புண், நெஞ்சில் கிருமி. புண் ஆற ஒரு மாதம் எடுத்தது. மழைக்கு இன்னும் மிச்சக் கார்த்திகையும் மார்கழியும் கிடந்தன.

அந்த யோசனை அவளுக்கு மீன்காரத் தம்பிஐயாவின் மோட்டச்சைக்கிளைப் பார்த்துத்தான் வந்தது. ஒரு நாள் காலை ஒழுங்கையில் சூடை மீன் வாங்கிக்கொண்டு நின்றாள். பின்பெட்டியில் லைற், முன்னுக்கு ஒலிபெருக்கி. காலை ஆறுக்குத் தொடங்கினால் பதினொரு மணிவரை அது கத்திக்கொண்டே போகும்.

“உந்தப் பற்றறி இறங்கிறேல்லையோ தம்பிஐயா அண்ணை?”

தம்பிஐயா தராசுத் தட்டைக் கவிழ்த்துவிட்டு அவளைப் பார்த்தார். “உனக்குத் தெரியாதே பிள்ளை? உன்ரை மனுசன்தான் செய்து தந்தவன். உள்ளுக்குக் கிடந்த கொயிலை வெட்டி எறிஞ்சுபோட்டு, தடிச்ச கம்பியிலை புதுசாச் சுத்தினவன். இப்ப ஏழு வருசம். ஒரு நாள் இறங்கேல்லை.” பிறகு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தவர்போல, இன்னும் ஒரு பிடி மீனை அள்ளிப் போட்டார்.

சளி மிசினோடு, காரில் கொழுவுகிற வயர் ஒன்றும் வந்திருந்தது. பன்னிரண்டு வோல்ற் இருந்தால் ஓடும். சுபாஸ்கரனின் சொந்த மோட்டச்சைக்கிள் பத்து மாதமாகத் தாழ்வாரத்தில் சாக்கால் மூடிக் கிடந்தது. எஞ்சின் ஓட, அதற்குள் இருக்கிற கொயில் கரண்ட் தந்து பற்றறியை ஏற்ற, பற்றறி மிசினை ஓட்ட, எத்தனை நாள் கரண்ட் இல்லாவிட்டாலும் பெற்றோல் இருந்தால் போதும்.

அன்று சோறு கரைத்து ஊட்டிய பிறகு அதைச் சொன்னாள். அவன் முகட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான். கண்ணை இரண்டு தரம் மூடினான். விரல் வைத்தாள்.

“இப்ப இருக்கிற கொயில் காணாது” என்றான். மூச்சு. “லைற்றுக்கும் பற்றறிக்கும்தான் அது. மிசின் நாலு அம்பியர் தின்னும்.”

“அதுதான் சொல்லுறன். சங்கானைக் கராச்சுக்குக் கொண்டுபோய்க் கந்தப்பு அண்ணையிட்டைக் குடுப்பம். அவர் சுத்தித் தருவார்.”

உடனே கண்ணை மூடித் திறந்தான். “கந்தப்பு வேண்டாம். நீர் சுத்தும். நான் சொல்லித் தாறன்.”

வீட்டுக்கு வந்த நாள் முதல் அவன் எதுவும் கேட்டதில்லை. தண்ணீர் வேணுமோ, ஓம். திருப்பிப் படுக்க விடவோ, ஓம். இதுதான் அவனாகக் கேட்டது. அவளுக்குள்ளே ஏதோ ஒன்று சிறிதாக அசைந்தது. அது சந்தோஷமா என்று பார்க்க நேரமிருக்கவில்லை. கோப்பையைக் கழுவப் போனாள்.

அப்போது வெங்காய நடுகைக் காலம். காலை ஏழுக்கு அவள் தோட்டத்துக்குப் போய்விடுவாள். செம்மண்ணில் குந்தியிருந்து, பாத்தியில் நாலு விரல் இடைவெளியில் வெங்காயத்தை ஊன்றி ஊன்றிப் பின்னுக்கு நகரவேண்டும். பெருவிரல் நகத்துக்குள் மண் ஏறி வெடித்துவிடும். பதினொன்றுக்கு வருவாள். அதுவரைக்கும் வேலிக்கு அங்கால் இருக்கிற ஜெயனி, சுபாஸ்கரனின் தங்கச்சி, வந்து இருப்பாள். பின்னேரம் கையைக் கழுவிவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் மர வாங்கைப் போட்டுக்கொண்டு கொயிலோடு இருந்தாள்.

எஞ்சினின் இடப்பக்க மூடியைக் கழற்றி, காந்தச் சில்லை இழுத்து, உள்ளே இருந்த தட்டைக் கொண்டுவந்து அவன் கண்ணுக்கு நேரே பிடித்தாள். வட்டமாக எட்டு இரும்புப் பல்லு; ஒவ்வொன்றிலும் செப்புக் கம்பி சுற்றியிருந்தது.

“அந்த ரண்டையும் தொட வேண்டாம்” என்றான். “அது எஞ்சினுக்குப் பொறி குடுக்கிறது. மற்ற ஆறையும் வெட்டி எடும்.”

“எத்தினை சுத்து எண்டு எண்ணிக்கொண்டு கழட்டவோ?”

“தேவையில்லை. எனக்குத் தெரியும். வெட்டும்.”

வெட்டினாள். பழைய கம்பி துண்டு துண்டாக விழுந்தது. பல்லுகளைத் துடைத்து, தடித்த கடதாசி ஒட்டி, அவனுடைய பெட்டிக்குள் கிடந்த புதுக் கம்பிச் சுருளை எடுத்தாள். அவன் சொல்லச் சொல்லச் சுற்றினாள். ஒரு பல்லுக்கு ஐம்பத்தைந்து சுற்று. தளராமல், ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், கம்பியின் மெருகு சுரண்டுப்படாமல் சுற்றவேண்டும். வெங்காயம் நட்டு வெடித்த பெருவிரலுக்குள் கம்பி வெட்டியது. பழந்துணி சுற்றிக்கொண்டு சுற்றினாள்.

முதல் பல்லு முடிந்ததும் கேட்டாள். “அடுத்ததும் இப்பிடியே?”

அவன் சற்று நேரம் கண்ணை அசைக்கவில்லை. பிறகு மூடித் திறந்தான். விரல் வைத்தாள்.

“ஓம். எல்லாம் ஒரு பக்கமாத்தான். வலக்கைப் பக்கம்.”

மூன்று பின்னேரம் எடுத்தது. ஜெயனி வந்து வாசலில் சாய்ந்துகொண்டு பார்ப்பாள். “அண்ணி, நீங்கள் ஒரு கராச் போடலாம். பொம்பிளையளின்ரை ஸ்கூட்டியெல்லாம் உங்களிட்டைத்தான் வரும்” என்றாள் ஒரு நாள். உதயகலா சிரிக்கவில்லை, எண்ணிக்கை பிழைத்துவிடும் என்று. நாற்பத்திரண்டு, நாற்பத்துமூன்று.

பழைய றெகுலேற்றரையும் மாற்றினாள். அது கொயில் தருவதில் பாதியை மட்டும் எடுத்து மற்றப் பாதியை வீணாக்குகிறதாம்; புதியது முழுவதையும் எடுக்குமாம். பழைய, வலுக்குறைந்த லொறிப் பற்றறி ஒன்றை ஜெயனியின் புருஷன் கொண்டுவந்து தந்தான், ஏற்றி நிரப்பி. எல்லாவற்றையும் கொழுவி, கிக்கரை உதைத்தபோது சைக்கிள் ஐந்தாவது உதையில் பிடித்தது. முன் லைற் வெள்ளையாக எரிந்தது. ஜெயனி கைதட்டினாள்.

“மீற்றர் வைச்சுப் பாக்கவோ?” என்று உதயகலா உள்ளே வந்து கேட்டாள். “எவ்வளவு வருது எண்டு.”

“தேவையில்லை. மீற்றரும் பழுது” என்றான்.

முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். களைத்துப்போனான் என்று நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு கரண்ட் கம்பி திருத்த வேலை. காலை எட்டுக்கு நிற்பாட்டி ஐந்துக்குத்தான் தருவார்கள் என்று முதலே அறிவித்திருந்தார்கள். ஒத்திகை பார்க்க நல்ல நாள் என்று உதயகலா நினைத்தாள். தாழ்வாரத்தில் சைக்கிளை ஓடவிட்டு, யன்னலால் வயரை எடுத்து மிசினுக்குக் கொழுவினாள். ஒன்பதுக்கு நன்றாக இழுத்தது. பத்தரைக்கும் இழுத்தது. பதினொன்றரைக்கு மிசினின் சத்தம் மாறியது. பன்னிரண்டுக்கு அது கிழவனைப்போல முனகிவிட்டு நின்றது. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சுபாஸ்கரனின் குழாய்க்குள் கரகரத்தது.

ஆஸ்பத்திரியால் கொண்டுவந்த பெரிய சிறிஞ் ஒன்று அலுமாரியில் இருந்தது. அதன் நுனியில் றப்பர் வயரைக் கொழுவி, உள்ளே விட்டுக் கையால் இழுத்தாள். கொஞ்சம் வந்தது. கழற்றித் தள்ளிவிட்டு மறுபடி இழுத்தாள். அவன் உதடு நீலமாகி, பிறகு திரும்பி, மறுபடி நீலமானது. “ஜெயனி” என்று ஒரு தரம் கூப்பிட்டாள். ஜெயனி ஓடிவந்து அவனைச் சரித்துப் பிடித்தாள். இரண்டு மணித்தியாலம் அப்படியே. இரண்டு மணிக்கு, சொன்ன நேரத்துக்கு முன்பே, கரண்ட் வந்து, மிசின் தானாக உறுமத் தொடங்கியபோது உதயகலாவின் கை சிறிஞ்சை விட மறுத்தது. ஜெயனிதான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தாள்.

“ஓட்டோவுக்குச் சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“ஓம்” என்றாள். அந்த நினைப்பே வரவில்லை. அவன் கண் அந்த இரண்டு மணித்தியாலமும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு தரம் மூடித் திறந்ததையும் கண்டாள். விரல் வைக்கக் கை ஓயவில்லை.

மறுநாள் வெங்காயத்துக்குப் போகவில்லை. கொயில் தட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சங்கானைக்கு பஸ் ஏறினாள்.

கந்தப்புவுக்கு அறுபது வயது இருக்கும். கராச் வாசலில் ஒரு சைக்கிளின் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் துடைத்துப் போட்டார். “இரு பிள்ளை. சுபாஸ் எப்பிடி?”

“இருக்கிறார்.”

தட்டை எடுத்துக் கொடுத்தாள். வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“வடிவாச் சுத்தியிருக்கு. ஆர் சுத்தினது?”

“நான்தான்.”

“நீயோ?” கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். முதலில் இருந்த சிரிப்பு மெல்லப் போனது. “கை நல்ல கை. ஆனால் எல்லாத்தையும் ஒரு பக்கமாச் சுத்திப்போட்டாய் பிள்ளை. ஒண்டு வலமெண்டால் அடுத்தது இடமாச் சுத்தவேணும். காந்தம் அப்பிடி மாறி மாறித்தானே இருக்கு. ஒரே பக்கமாச் சுத்தினால் ஒண்டு குடுக்கிறதை அடுத்தது தின்னும். மொத்தத்திலை ஒண்டும் வராது.”

“லைற் எரிஞ்சுதே?”

“அது பற்றறியிலை எரிஞ்சிருக்கும். எஞ்சின் ஓடும், லைற் எரியும். ஆனால் பற்றறிக்கு ஒரு சொட்டும் ஏறாது. முடியுமட்டும் எரிஞ்சுபோட்டு நிண்டிடும்.”

உதயகலா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சுபாசிட்டைக் கேட்டிருக்கலாமே?” என்றார் கந்தப்பு. “உந்த விசயம் எனக்கே அவன் சொல்லித் தந்தது. முந்தி நானும் உப்பிடிப் பிழையாச் சுத்திப்போட்டு முழிச்சுக்கொண்டு நிக்க, அண்ணை, ஒண்டு விட்டு ஒண்டு திருப்புங்கோ எண்டவன். கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான்.”

கந்தப்பு அவளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் சட்டையில் துடைத்தார்.

“விட்டிட்டுப் போ பிள்ளை. பின்னேரத்துக்குள்ளை சுத்தித் தாறன்.”

“வேண்டாம் அண்ணை. கம்பி மட்டும் தாங்கோ.”

பஸ்ஸில் யன்னல் கரையில் இருந்து வந்தாள். மழை தூறியது. தோட்டங்களில் நட்ட வெங்காயம் நீருக்குள் நின்றது. இரண்டு நாள் நின்றால் அழுகிவிடும் என்று நினைத்தாள். அழுகினால் திரும்ப நடவேண்டும். அதற்கு மேல் எதையும் நினைக்க முடியவில்லை. பல்லு பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் கிடப்பதுபோல முழு உடம்பும் கிடந்தது.

வீட்டுக்கு வந்து ஜெயனியை அனுப்பினாள். அவனுக்குச் சளி இழுத்து, முகம் துடைத்து, ஒரு பக்கம் திருப்பிப் படுக்கவிட்டாள். பிறகு சாவியும் குறடும் கிடந்த அவனுடைய ஆயுதப் பெட்டியைத் திறந்து மீற்றரை எடுத்து முடுக்கினாள். இலக்கம் தெரிந்தது. பழுதில்லை. அதைக் கொண்டுவந்து கட்டிலில், அவன் பார்க்கக்கூடிய இடத்தில் வைத்தாள்.

“கந்தப்பு அண்ணையிட்டைக் காட்டினனான்.”

அவன் கண்ணை மூடினான். திறக்கவில்லை.

அவள் வாங்கில் இருந்தாள். வெளியே தூவானம் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் கண்ணைத் திறந்து இரண்டு தரம் மூடினான். அவள் விரலை வைத்தாள்.

“நீர் நித்திரை கொண்டு எத்தினை நாள்?” என்றான்.

“அதுக்கு?”

“உமக்கு நாப்பது வயசு.”

“நாப்பத்தொண்டு.” விரலை எடுத்தாள். மூச்சு விட விட்டாள். மறுபடி வைத்தாள்.

“இந்த மழையோடை முடியட்டும் எண்டு நினைச்சனான்.” மூச்சு. “கரண்ட் நிண்டுது, ஆள் போயிட்டுது. ஆரிலையும் பிழை இல்லை.”

“ஆரிலையும் இல்லையோ?” அவள் குரல் உயரவில்லை. “ஆறு பல்லும் என்ரை கையாலை சுத்தினது. முன்னூத்து முப்பது சுத்து. நீங்கள் போனாப் பிறகு ஒரு நாள் ஆரேன் ஒரு ஆள் அந்தக் கொயிலைப் பாத்துப்போட்டு, கலா, நீ பிழையாச் சுத்திப்போட்டாய் எண்டிருக்கும். அதோடை நான் எப்பிடி இருந்திருப்பன்? சொல்லுங்கோ.”

விரல் குழாயில் இருந்தது. அவன் வாய் திறக்கவில்லை. மூச்சுக்குத் திணறுவது தெரிந்ததும் எடுத்தாள்.

“சாகிறதெண்டால் என்னட்டைச் சொல்லுங்கோ. அதையும் கேப்பன். ஆனால் எனக்குத் தெரியாமல் என்ரை கையாலை செய்வியாதேங்கோ.”

கண்ணின் ஓரத்தால் நீர் வழிந்து அவன் காதுக்குள் போனது. துடைக்க அவனால் ஏலாது. துடைக்கவேண்டியது அவள். கொஞ்ச நேரம் துடைக்காமல் இருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

அன்றே தொடங்கினாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. முதல் பல்லு வலம், அடுத்தது இடம். அவன் முகட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். நாலாம் பல்லில் ஒரு சுற்று ஏறிவிட்டது. அவளே கண்டு, கழற்றித் திரும்பச் சுற்றினாள். முடித்துப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு மீற்றரை வைத்தபோது பதினாலு வோல்றுக்குக் கிட்ட வந்தது. அதைப் போய் அவனுக்குச் சொல்லவில்லை. லொறிப் பற்றறியை நிரப்பி வைத்தாள். ஐந்து லீற்றர் பெற்றோல் வாங்கி வைத்தாள். வெங்காயம் அழுகிப்போயிருந்தது, திரும்ப நடப் போனாள். ஜெயனி ஏதோ நடந்திருக்கிறது என்று கண்டுகொண்டாள். கேட்கவில்லை. புட்டு அவித்து, கத்தரிக்காய்க் குழம்பும் வைத்து வேலிக்கு மேலால் நீட்டிவிட்டுப் போனாள்.

மார்கழி இரண்டாம் கிழமை புயல் வந்தது. இரவு முழுக்க மழை. விடியப்புறம் ஊர் முழுதும் கரண்ட் போனது. தெல்லிப்பழைப் பக்கம் ஐந்தாறு தூண் முறிந்துவிட்டதாகவும் மூன்று நாளாவது ஆகும் என்றும் ஜெயனியின் புருஷன் வந்து சொன்னான். பற்றறி காலைவரை தாங்கியது. எட்டு மணிக்கு மிசின் முனகத் தொடங்கியது.

உதயகலா தாழ்வாரத்துக்குப் போய்ச் சாக்கை எடுத்தாள். புகைக் குழாய் வெளிப்பக்கம் இருக்கும்படி சைக்கிளைத் திருப்பி நிறுத்தினாள். ஸ்ராண்டைப் போட்டு, கிக்கரில் காலை வைத்தாள். காலை எடுத்தாள். உள்ளே வந்தாள்.

அவன் நெஞ்சுக்குள் கரகரப்புத் தொடங்கியிருந்தது. ஈர உடுப்போடு கட்டிலில் இருந்து, அவனுடைய முகத்துக்கு நேரே குனிந்தாள்.

“கிக்கரை அடிக்கவோ, விடவோ?”

கேட்டுவிட்டு விரலை வைத்தாள். அவள் கேட்டது விளையாட்டுக்கில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. விடச் சொன்னால் அவள் இந்தக் கட்டிலிலேயே இருந்திருப்பாள். அவள் முகத்தில் பயமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. நித்திரையில்லாத முகம். மழைத்தண்ணி மூக்கு நுனியில் நின்றது.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். மூச்சு முட்டியது. அவள் விரலை எடுத்தாள். ஒரு மூச்சு. வைத்தாள். ஒன்றுமில்லை. எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

“எஞ்சின் குளிர்ந்துபோய்க் கிடக்கும்” என்றான். சளிக்குள்ளால் வந்த குரல். “சோக்கை இழுத்துப்போட்டு அடியும்.”

அவள் எழும்பி வெளியே போனாள். சோக்கை இழுத்தாள். இரண்டாவது உதையில் பிடித்தது.